அண்ணா நகரில் 1986ல் கட்டிய ஃபிளாட், யூடிஎஸ் 520: வாங்கலாமா, வாடகையிலேயே இருந்துவிடலாமா?

டபிள்யூ பிளாக் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா நகர் மேற்கில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 28,000, அட்வான்ஸ் இரண்டு லட்சம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மனைவிக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ், திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறிப் போய்விடுவாள். பையன் நாலாவது படிக்கிறான், பள்ளி நடக்கிற தூரம். அதனால் இந்தப் பக்கத்தை விட்டு நகர மனசில்லை.

இப்போது ஒரு ஃபிளாட் வந்திருக்கிறது. 1986ல் கட்டியது, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 980 சதுர அடி, இரண்டு படுக்கையறை. மொத்தம் இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு. எங்கள் பங்கு நிலம், அதாவது யூடிஎஸ், 520 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறது. கேட்கிற விலை 1.35 கோடி. பால்கனிக்கு நேர் எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம். மனைவி உள்ளே போய்ச் சமையலறையைக்கூடப் பார்க்கவில்லை, பால்கனியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

புரோக்கர் சொல்வது இதுதான்: "சார், இது பழைய கட்டடம். அஞ்சு வருஷத்துல பில்டர் வந்து இடிச்சுக் கட்டுவான். உங்களுக்குப் புது ஃபிளாட் சும்மா கிடைக்கும், விலை டபுள்." அந்தத் தெருவில் சமீபத்தில் ஒரு மனை சதுர அடி 20,000க்குக் கைமாறியது என்றும் அவரே சொன்னார்.

மாமனார் "மண்ணு இருக்கு, வாங்குங்க மாப்பிள்ளை" என்கிறார். நண்பன் ஒருவன் நொளம்பூரில் புது ஃபிளாட் 95 லட்சத்துக்குக் கிடைக்கும், லிஃப்ட், ஜிம் எல்லாம் இருக்கும் என்கிறான். கையில் 50 லட்சம் இருக்கிறது. மீதி லோன்தான். என்ன செய்யலாம்?


ஷெனாய் நகர் ஷேக் எழுதியது:

அண்ணா நகர் எப்பவும் இறங்காது பாஸ். மரமும் இருக்கு, மெட்ரோவும் இருக்கு. யோசிக்காம அட்வான்ஸ் போடுங்க. நொளம்பூரில் கூவத்தை ஒட்டின தெருக்களில் மழைக்கு என்ன ஆகும் என்று நவம்பரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.


மாடித்தோட்டம் எழுதியது:

அட்வான்ஸ் போடாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க.

நான் இதே அண்ணா நகரில் வளர்ந்தவள். ஹவுசிங் போர்டு இந்த இடத்தை மனை போட்டுக் கொடுத்த காலத்தில் அப்பா வாங்கிய வீடு எங்களுடையது. 1968ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடம், டவரைத் தவிர ஒன்றும் இல்லை, யார் போய் அங்கே இருப்பார்கள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்களாம். இப்போது பன்னிரண்டு வீடு உள்ள ஒரு பழைய பிளாக்கில் அசோசியேஷன் செயலாளராக இருக்கிறேன். தண்ணீர் மோட்டார், குப்பை, கார் பார்க்கிங் சண்டை எல்லாம் என் தலையில்தான். அந்த உரிமையில் நீளமாக எழுதுகிறேன்.

பழைய ஏரியாவில் ஃபிளாட் வாங்குகிறவர் சுவரை வாங்குவதில்லை. நிலத்தில் ஒரு பங்கை வாங்குகிறார், கூடவே ஏழு கூட்டாளிகளை வாங்குகிறார். நீங்கள் எழுதியதில் சுவரைப் பற்றி இருக்கிறது, மரத்தைப் பற்றி இருக்கிறது. அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதலில் நிலக் கணக்கு. இரண்டு கிரவுண்ட் என்றால் 4,800 சதுர அடி. எட்டு வீடும் ஒரே அளவு என்றால் ஆளுக்கு 600 வர வேண்டும். உங்களுக்கு 520 என்று எழுதியிருக்கிறது. எட்டு பேருக்கும் 520 என்றால் 4,160தான் ஆகிறது. மீதி 640 சதுர அடி எங்கே? அந்தக் காலத்தில் மனைக்காரரிடம் பவர் வாங்கி பில்டர் ஆளாளுக்குப் பிரிபடாத பங்கை மட்டும் கிரயம் செய்து கொடுப்பார். கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம், அது பெரும்பாலும் பதிவாகியிருக்காது. எட்டுப் பத்திரத்தையும் கூட்டிப் பார்த்தால் மொத்த மனையும் வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ ஒரு துண்டைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் இது தெரியாது. மனையின் சர்வே எண்ணுக்கு, கட்டுவதற்கு முந்தைய வருஷத்திலிருந்து, முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அந்த இடித்துக் கட்டும் கதை. புரோக்கர் ஒரு கால்குலேட்டரை எடுத்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். இப்போதைய 2019 கட்டட விதிப்படி சாதாரணமாகக் கிடைக்கும் எஃப்எஸ்ஐ 2. அதாவது 4,800 அடி மனையில் 9,600 அடி கட்டலாம். உங்கள் எட்டு வீடும் சேர்ந்து இப்போதே 7,840. பழைய அளவை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தால் பில்டர் கையில் விற்க மிஞ்சுவது 1,760 சதுர அடி. புது ஃபிளாட் சதுர அடி 16,000 என்று போட்டால் 2.81 கோடி வரும். 9,600 அடி கட்ட, அடிக்கு 2,800 என்று குறைவாகவே வைத்தாலும், 2.69 கோடி போய்விடும். எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு வருஷம் வெளியே இருக்க வாடகை மாதம் 30,000 வீதம் கொடுத்தால் அதுவே ஐம்பத்தேழு லட்சத்துக்கு மேல். அப்ரூவல் கட்டணம், வட்டி எதையும் நான் சேர்க்கவில்லை. எந்த பில்டர் வருவார்? சாலை அகலத்தைப் பொறுத்து அரசுக்குப் பணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாம், அப்போது கணக்கு கொஞ்சம் அசையும். இல்லையென்றால் உங்களுக்கு 980க்குப் பதில் 850 தருகிறேன் என்பார்.

அதே இரண்டு கிரவுண்டில் நாலே வீடு இருக்கும் பழைய பிளாக்குகள் இங்கே உண்டு. அங்கே பில்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாப் பழைய கட்டடமும் லாட்டரி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, முன்னே 1994 சட்டம் இருந்தபோது எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் முரண்டு பிடித்தால் கட்டடம் அப்படியே கிடக்கும். 2022ல் இயற்றி 2024ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். காகிதத்தில் சரி. ஆனால் மிச்சப் பேர் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லையே.

விலை. மனை அடிக்கு 20,000 என்றால் உங்கள் 520க்கு 1.04 கோடி. மிச்சம் 31 லட்சம் கட்டடத்துக்கு. 980 அடிக்கு வகுத்தால் அடிக்கு 3,160 வருகிறது. புதுசாகக் கட்டவே 2,800 என்று இப்போதுதான் பேசினோம். சுமார் நாற்பது வயசான, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குப் புதுசைவிட அதிகம் கேட்கிறார்கள். இதை அப்படியே காகிதத்தில் எழுதி விற்பவர் முன்னால் வையுங்கள்.

அப்புறம் அந்த மரம். அது யார் மனையில் நிற்கிறது? எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் என்றால் அந்த வீடு விற்பனைக்கு வந்த அன்றே மரத்தின் கதை முடிந்தது. மாநகராட்சி நடைபாதையில் என்றால் கொஞ்சம் நம்பலாம். அதுவும் 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த மறுநாள் காலை எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் நம்பிக்கை குறைந்துவிடும். ஒரு பக்கம் பூரா சாய்ந்து கிடந்தது. மரம் பத்திரத்தில் வராது தம்பி.

நேரில் போகும்போது பால்கனியில் நிற்காமல் மொட்டை மாடிக்கும் தரைத்தளத்துக்கும் போங்கள். சன்ஷேட் அடியில், படிக்கட்டுக்குக் கீழே கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறதா பாருங்கள். பாத்ரூமுக்குக் கீழ்வீட்டுச் சீலிங்கில் கறை இருக்கிறதா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் ஆசையாகக் காட்டுவார். 2019 கோடையில் போர்வெல் ஓடியதா, தண்ணீர் லாரி வாங்கினார்களா என்று கேளுங்கள். எட்டு வீட்டுக்கு எத்தனை கார் நிற்கும், உங்கள் பத்திரத்தில் கார் பார்க்கிங் என்ற வார்த்தை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1986ல் எல்லோரிடமும் ஸ்கூட்டர்தான் இருந்தது. அதை வைத்துத்தான் இடம் விட்டிருப்பார்கள்.


வாடகையே சுகம் எழுதியது:

மேடம் சொன்னதற்கு மேல் ஒரு கணக்கு. இந்த மாதிரி ஃபிளாட்டுக்கு இன்று வாடகை 30,000 வருமா? வருஷத்துக்கு 3.6 லட்சம். 1.35 கோடிக்கு அது 2.7 சதவீதம்கூட இல்லை. பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தருகிறது. ஒரு கோடி கடன், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் தவணை 86,800 வரும். இப்போது கொடுக்கும் வாடகைக்கும் அதற்கும் வித்தியாசம் மாதம் 58,800. அந்தப் பணத்தை மாதாமாதம் ஒழுங்காக வேறு எதிலாவது போடுகிற ஆள் என்றால் வாடகையில் இருங்கள். போடாமல் செலவு செய்கிற ஆள் என்றால் வீடு வாங்குங்கள், அது ஒரு கட்டாயச் சேமிப்பு. நான் முதல் ரகம். என் தம்பி இரண்டாவது ரகம், அவன் வாங்கியது சரிதான்.

வாடகையில் இருப்பதற்கு இரண்டு விஷயம். 2019 பிப்ரவரி 22 முதல் இருக்கும் வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நீங்கள் ஏழு மாசத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய மெட்ராஸ் வழக்கப்படி பத்து மாசம் கேட்காத வரைக்கும் உங்கள் ஓனர் நல்லவர்தான், அது வேறு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாசத்துக்கு முத்திரைத் தாளில் எழுதி டிராயரில் போட்டு வைத்தால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், காலி பண்ணுங்கள் என்று ஒரு ஓனர் சொல்லிவிட்டால் பையனின் பள்ளி நடுவருஷத்தில் இருக்கும். அந்தத் தலைவலிக்கு எக்செல்லில் கட்டம் கிடையாது.


டபிள்யூ பிளாக் எழுதியது:

மேடம், கும்பிடு போடுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரி மனைக்கே வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பத்திரமும் 520தான். மிச்ச 640 சதுர அடி இன்னும் பழைய மனைக்காரர் பேரிலேயே இருக்கிறது. அவர் இறந்துவிட்டார். அவர் பிள்ளைகள் தரைத்தளத்தில் இரண்டு வீடு வைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் ஒரு ரூம் போட்டுப் பூட்டி வைத்திருப்பதும் அவர்கள்தான்.

இன்னொன்று. நாங்கள் வாங்கப்போகும் வீடு விற்பவருடைய அப்பா சொந்தமாக வாங்கியது. அப்பா இல்லை, அம்மா இருக்கிறார். விற்பவருக்கு ஒரு அக்கா நியூ ஜெர்சியில். "அக்கா கையெழுத்தெல்லாம் வேண்டாம், நான்தான் எல்லாம் பார்த்துக்கிறேன்" என்கிறார். புரோக்கரும் தலையாட்டுகிறார்.


ரிட்டயர்டு லோன் ஆபீசர் எழுதியது:

சார், அந்தத் தலையாட்டலை நம்ப வேண்டாம்.

அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லாமல் இறந்திருக்கிறார், இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகள் எங்கே இருந்தாலும் அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியின் வக்கீலும் ஒப்பீனியன் தர மாட்டார். உயில் இருக்கிறது என்றால் அதைக் கண்ணால் பாருங்கள். சென்னையில் உள்ள சொத்துக்கான உயிலுக்கு பிரபேட் (கோர்ட் உறுதிச் சான்று) கேட்பது எங்கள் காலத்தில் வழக்கம், உங்கள் வங்கி வக்கீல் என்ன சொல்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். அக்கா வர முடியாது என்றால் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அடுத்தது வரி. 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்தை வாங்குகிறவர் விலையில் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும். இது இங்கே வசிப்பவரிடம் வாங்கினால். அக்கா வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் செல்லாது. மூலதன ஆதாயத்துக்கான விகிதத்தில் பிடிக்க வேண்டும், குறைத்துப் பிடிக்க அவர்தான் வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் அவருக்குப் போகாது, உங்கள் வீட்டுக்கு வரும்.

கடன். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் உச்ச வரம்பு. 1.35 கோடிக்கு ஒரு கோடியே ஒரு லட்சம். அதுவும் வங்கி இன்ஜினியர் போடும் மதிப்பில், விற்பவர் வாயில் வரும் விலையில் அல்ல. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 12.15 லட்சம். அதற்குக் கடன் கிடையாது. 35 லட்சமும் இந்தப் பன்னிரண்டும் போனால் உங்கள் ஐம்பதில் மூன்று லட்சம் மிஞ்சும். பழைய வீட்டுக்கு ஒயரிங்கும் பிளம்பிங்கும் மாற்றவே அது காணாது.

இன்னொரு சங்கதி, கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்துத்தான் தவணைக் காலம் தருவார்கள். 20 வருஷம் கேட்டு 15 கிடைத்தால் தவணை 98,500 ஆகிவிடும். பேரம் பேசுவதற்கு முன்னால் இதை உங்கள் கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


மாடித்தோட்டம் எழுதியது:

அப்படியா சங்கதி. தரைத்தளக்காரர்கள் இரண்டு வீட்டுக்கு 1,040, கையில் வைத்திருக்கும் 640, ஆக 1,680. மொத்த மனையில் 35 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. அவர்கள் மனசு வைக்காமல் அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லை நகர்த்துவதும் சுலபமில்லை. இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பங்கு எட்டில் ஒன்று இல்லை, நூற்றுக்குப் பதினொன்றுகூட இல்லை. மொட்டை மாடியும் எங்களுக்கே என்று நிற்பார்கள், ரூம் போட்டுப் பூட்டியதே அதற்குத்தான்.

அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. போய் அவர்களிடமே பேசுங்கள். காபி கொடுப்பார்கள், கட்டடத்தின் முழு வரலாறும் அங்கேதான் கிடைக்கும். அசோசியேஷன் பதிவாகியிருக்கிறதா, மாதம் என்ன வசூல், யார் பாக்கி, கையிருப்பு எவ்வளவு, கடைசியாக எப்போது வெளிச்சுவர் பூசினார்கள் எல்லாம் கேளுங்கள். கையிருப்பு இல்லாத அசோசியேஷன் என்றால், நீங்கள் குடிவந்த முதல் மாசமே சம்ப் ஒழுகுகிறது என்று ஆளுக்கு நாற்பதாயிரம் கேட்டு வந்து நிற்பார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், இதை முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். பையன் காலேஜ் போகும்வரை இந்தத் தெருவில் இருக்க வேண்டும், அப்பா அம்மாவை மாடி ஏற்றும் அவசியம் இல்லை, அக்கா கையெழுத்தும் வந்துவிட்டது என்றால் வாங்கலாம். ஆனால் 1.35 கோடிக்கு அல்ல. நிலத்துக்கு ஒரு கோடி நாலு, பழைய கட்டடத்துக்கு அடி 1,000 வைத்து ஒன்பது பத்து லட்சம். 1.14 கோடிக்கு மேல் நான் என்றால் பேச மாட்டேன். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உள்தெருக்களில் ஆறு வீட்டு பிளாக்குகள் அவ்வப்போது வரும். நல்ல வீடுகள் இணையத்தில் வராது, இஸ்திரி போடுபவர் காதுக்குத்தான் முதலில் வரும். அவரிடம் சொல்லி வையுங்கள்.

நொளம்பூர் புது ஃபிளாட்டுக்கும் இதே கேள்விதான். யூடிஎஸ் எவ்வளவு என்று உங்கள் நண்பரிடம் கேட்டீர்களா?


டபிள்யூ பிளாக் எழுதியது:

கேட்டேன் மேடம். 1,050 சதுர அடி ஃபிளாட்டுக்கு 310. ஜிம் எவ்வளவு பெரியது என்று மட்டும் உடனே சொன்னான், இதைச் சொல்ல ரெண்டு நாள் ஆயிற்று.

விற்பவரிடம் 1.14 என்றேன். சிரித்தார். அக்காவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அக்கா கையெழுத்தே வேண்டாம் என்றவர் அக்காவிடம் பேசுகிறேன் என்கிறாரே என்று மனைவி காதில் சொன்னாள்.

எதிர் மரம் நடைபாதையில்தான் நிற்கிறது, மாநகராட்சி நம்பர் அடித்திருக்கிறார்கள். தரைத்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்ப் பற்றியும் அந்த மாடி ரூம் பற்றியும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.


வாடகையே சுகம் எழுதியது:

அந்த 640 அடியை விற்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். எட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு 80 அடி வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் 600 ஆகிவிடும். விற்பவர் தன் பங்கு 80ஐ முதலில் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால், அவர் கேட்கும் விலையைப் பற்றி அப்போது பேசலாம்.


மாடித்தோட்டம் எழுதியது:

இது நல்ல யோசனை. ஆனால் அதற்கு அந்தப் பிள்ளைகள் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பட்டாவும் டவுன் சர்வே பதிவேடும் யார் பேரில் நிற்கிறது என்பதையும் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், மோட்டார் போடும் நேரம். தண்ணீர் எப்படி வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.